இங்கிலாந்து முன்னோரின் திருமணப் பதிவு: சான்றிதழ் வாங்குவதா, கோயில் பதிவேட்டைத் தேடுவதா?

இங்கிலாந்தில் ஒரு முன்னோரின் திருமணத்தைத் தேடத் தொடங்குபவர்களில் பலர் முதலில் செய்வது, ஜி.ஆர்.ஓ. எனப்படும் தலைமைப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்துக்குப் போய் 12.50 பவுண்டு கட்டிச் சான்றிதழுக்கு ஆர்டர் போடுவதுதான். அரசாங்க முத்திரையோடு வருவதால் அதுதான் மூலம் என்ற நம்பிக்கை. திருமணத்தைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியல்ல. ஜி.ஆர்.ஓ. கையில் இருப்பது நகல். மணமக்கள் பேனா பிடித்துக் கையெழுத்திட்ட பக்கம் வேறிடத்தில் இருக்கிறது. பல நேரங்களில் அதைக் குறைந்த செலவிலோ இலவசமாகவோ பார்த்துவிடலாம்.

அதற்காகச் சான்றிதழ் எப்போதும் வீண் என்று சொல்லவில்லை. எந்த ஆண்டு, எந்த மாதிரி இடத்தில் நடந்த திருமணம் என்பதைப் பொறுத்து வழி மாறும். இங்கே பேசுவது இங்கிலாந்தையும் வேல்ஸையும் பற்றி மட்டுமே. ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியதே 1855-இல்தான். படிவமும் வேறு, தேடும் இடமும் வேறு.

1837 ஜூலை 1

இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அன்றுதான் அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முந்தைய திருமணத்துக்கு ஜி.ஆர்.ஓ.விடம் எதுவும் கிடையாது. எவ்வளவு பணம் கட்டினாலும் வராது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1836 ஏப்ரல் 2 அன்று செல்சியிலுள்ள புனித லூக்கா கோயிலில் கேத்தரின் ஹோகார்த்தை மணந்தார். இங்கிலாந்தின் மிகப் பிரபலமான எழுத்தாளர்களில் ஒருவர். ஆனாலும் அவருடைய திருமணத்துக்கு ஜி.ஆர்.ஓ. சான்றிதழ் இருக்க வழியில்லை, கோயில் பதிவேடுதான் ஆதாரம். சார்லஸ் டார்வின் 1839 ஜனவரி 29 அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரின் மேர் கிராமத்துக் கோயிலில் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். மூன்றாண்டுக்குள் நடந்த இரண்டு திருமணங்கள். டார்வினுடையதற்குக் கோயில் பதிவேடும் உண்டு, அரசு நகலும் உண்டு. உங்கள் முன்னோர் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

ஆண்டே தெரியாவிட்டால் குழந்தைகளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூத்த குழந்தையின் பிறப்பிலிருந்து மூன்று, நான்கு ஆண்டுகள் பின்னால் தேடுவது வழக்கம். பிறப்புக்கு இரண்டு மாதம் முன்பு நடந்த திருமணங்களும் ஏராளம், ஆகவே பிறந்த காலாண்டையும் விட்டுவிடாதீர்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில், நடப்புத் திருமணம் நடந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, அதில் பிறந்த குழந்தைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். அந்த எண்ணைக் கழித்தால் ஆண்டு ஏறக்குறைய கைக்கு வந்துவிடும்.

மணமகளின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் தெரியாவிட்டால் அதற்கும் செலவில்லாத வழி இருக்கிறது. ஜி.ஆர்.ஓ. இணையதளத்திலுள்ள பிறப்பு இண்டெக்ஸ் (பெயர்ப் பட்டியல்) 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைக் காட்டுகிறது. பழைய அச்சு இண்டெக்ஸில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஒரே தம்பதியின் இரண்டு, மூன்று குழந்தைகளைத் தேடி, மூன்றிலும் ஒரே பெயர் வருகிறதா என்று பாருங்கள். தாயின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பெரும்பாலும் அந்தக் குழந்தை பிறந்தபோது பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை என்று பொருள். தேடும் ஆண்டை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

இண்டெக்ஸ்: பணம் கட்டுமுன் செய்யவேண்டியது

பிறப்புக்கும் இறப்புக்கும் ஜி.ஆர்.ஓ. தானே இண்டெக்ஸ் வைத்திருக்கிறது. திருமணத்துக்கு அந்தத் தளத்தில் இல்லை. அதற்கு ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வலர்களின் இலவசத் தளத்துக்குப் போகவேண்டும். அச்சு இண்டெக்ஸை வரி வரியாகத் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு பதிவிலும் பெயர், பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண், காலாண்டு ஆகியவை இருக்கும். மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, மற்றவையும் அப்படியே. 1984 முதல் ஆண்டுக்கு ஒரே இண்டெக்ஸ். 1851 வரை தொகுதி எண் ரோமன் எழுத்தில். 1852 முதல் எண்ணும் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வரும். 5பி என்றால் டெவன் பகுதி. பிறப்பைப் பதிவு செய்ய ஆறு வாரம் அவகாசம் இருந்ததால் அது அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகும். திருமணம் நடந்த இடத்திலேயே பதிவாகிவிடுவதால் காலாண்டு அப்படியே பொருந்தும்.

1912 மார்ச் காலாண்டு முதல் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துணையின் குடும்பப்பெயரும் அச்சாகியிருக்கிறது. அதற்கு முன்னால் இல்லை. மணமகன் ஒரு வரியில், மணமகள் அகர வரிசையில் எங்கோ வேறொரு பக்கத்தில். இருவரையும் சேர்த்து வைப்பது மாவட்டம், தொகுதி, பக்கம், காலாண்டு ஆகிய நான்கும் ஒத்துப்போவதுதான். ஃப்ரீபிஎம்டியில் பக்க எண்ணைச் சொடுக்கினால் அதே பக்கத்திலுள்ள எல்லாப் பெயர்களும் வரும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஜோடிகள் இருப்பார்கள். அதில் உங்கள் ஜானும், கணக்கெடுப்பில் பார்த்த மேரியும் இருந்தால் நல்ல அறிகுறி. அதே பக்கத்தில் இன்னொரு ஆணும் இருந்தால், மேரியை மணந்தது ஜானா மற்றவரா என்று இண்டெக்ஸ் சொல்லாது. இந்த இடத்தில் ஊகித்துக்கொண்டு குடும்ப மரம் போடுபவர்கள்தான் பிற்பாடு ஒரு கிளையையே வெட்டி எறிய நேர்கிறது. இண்டெக்ஸ் வழிகாட்டிப் பலகை மட்டுமே. பதிவைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஒரே திருமணம், மூன்று இடங்கள்

1837-க்குப் பிறகு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலில் நடந்த ஒரு திருமணத்தை எடுத்துக்கொள்வோம். குருவானவர் ஒரே விவரத்தை இரண்டு பதிவேடுகளில் எழுதினார். இரண்டிலும் மணமக்கள் கையெழுத்திட்டார்கள், அல்லது பெருக்கல் குறி போட்டார்கள், சாட்சிகளும் அப்படியே. பதிவேடுகள் நிரம்பியதும் ஒன்று மாவட்டத்தின் மேற்பார்வைப் பதிவாளரிடம் போயிற்று. மற்றொன்று கோயிலில் தங்கிற்று. இதுபோக, காலாண்டு முடியும்போதெல்லாம் அந்த மூன்று மாதத் திருமணங்களைத் தனித் தாளில் பார்த்தெழுதி அனுப்பினார். அது மேற்பார்வைப் பதிவாளர் வழியாக லண்டனுக்குப் போயிற்று. இந்த மூன்றாவது தாள்தான் ஜி.ஆர்.ஓ.வின் சொத்து.

ஆகவே ஜி.ஆர்.ஓ. சான்றிதழில் தெரியும் கையெழுத்து முன்னோருடையது அல்ல. குருவானவரோ அவருடைய எழுத்தரோ திரும்ப எழுதிய பெயர். பார்த்தெழுதும்போது தொழிலின் பெயர் மாறும், வயது மாறும், ஒரு வரி விட்டுப்போகும். சில கோயில்களின் காலாண்டுத் தாள் அனுப்பப்படாமலோ வழியில் தொலைந்தோ போயிருக்கிறது. அத்தகைய திருமணம் கோயில் பதிவேட்டில் கச்சிதமாக இருக்கும்; தேசிய இண்டெக்ஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

கோயில் பதிவேட்டின் படமே கிடைக்குமானால் முதல் தேர்வு அதுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. காரணம் மூலம் என்பது மட்டுமல்ல. 1911 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பிக் கையெழுத்திட்ட வீட்டுப் படிவங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பதிவேட்டில் இருபத்திரண்டு வயதில் போட்ட கையெழுத்தையும், படிவத்தில் ஐம்பது வயதில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்தின் வளைவு, பெயரின் முடிவில் இழுக்கும் கோடு, இரட்டை எழுத்தைச் சேர்க்கும் விதம் ஆகியவை முப்பது ஆண்டில் அவ்வளவாக மாறுவதில்லை. ஒரே ஊரில் இரண்டு வில்லியம் டெய்லர்கள் இருந்து, எவர் நம்மவர் என்று திணறும்போது இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. சான்றிதழை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

படத்தில் இன்னொரு லாபம், முன்பின் பக்கங்கள். ஒரே நாளில் அக்காவும் தங்கையும் மணந்துகொண்டது அடுத்த கட்டத்தில் தெரியலாம். சாட்சி என்று வந்திருக்கும் ஒரு பெயர் எல்லாப் பக்கங்களிலும் வருகிறதென்றால் அவர் உறவினர் அல்ல, கோயில் எழுத்தர். ஒற்றைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சாட்சியைச் சித்தப்பா என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

படங்கள் எங்கே கிடைக்கும் என்பது கவுண்டி எனப்படும் வட்டாரப் பிரிவைப் பொறுத்தது. லண்டன், லங்காஷயர், மேற்கு யார்க்ஷயர் பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரி என்ற சந்தாத் தளத்தில். டெவன், ஸ்டாஃபோர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர் ஆகியவை ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற இன்னொரு சந்தாத் தளத்தில். எசெக்ஸ் அந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்தின் சொந்தக் கட்டணத் தளத்தில். சந்தா கட்டுமுன் உங்கள் கவுண்டி எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபேமிலிசெர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தின் விக்கியில் கவுண்டி வாரியாகப் பட்டியல் இருக்கிறது, இலவசம். தவறான தளத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விரயம். இங்கிலாந்தில் வசிப்பவர்கள் முதலில் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களின் கணினிகளில் இந்தத் தளங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஃபேமிலிசெர்ச் படங்கள் சில வீட்டிலிருந்தே திறக்கும்; சில அவர்களுடைய மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோதான் திறக்கும்.

இணையத்தில் இல்லையென்றால் கவுண்டி ஆவணக் காப்பகம் இருக்கிறது. நூறாண்டு கடந்த கோயில் பதிவேடுகளைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 1978 முதலே திருச்சபையின் விதி. சிறு கட்டணத்துக்குப் படமெடுத்து அனுப்பும் காப்பகங்கள் பல. கோயிலின் பெயரும் தேதியும் நீங்கள் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ரீரெக், லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் போன்ற இலவசத் தளங்கள் பதிவேட்டைப் படித்துத் தட்டச்சு செய்தவை. தேட அருமையானவை, தன்னார்வலர்களின் உழைப்புக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் சாட்சிகளின் பெயர், ஓரக் குறிப்பு ஆகியவை சிலவற்றில் விடுபட்டிருக்கும். கண்டுபிடிக்க அவற்றைப் பயன்படுத்துங்கள். உறுதிசெய்யப் படத்துக்குப் போங்கள்.

சான்றிதழ் எப்போது சரியான தேர்வு

மூன்று நிலைமைகளில் சான்றிதழே முதல் வழி. ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த திருமணம்: கோயில் பதிவேடே கிடையாது, படமும் இணையத்தில் இருக்காது. கத்தோலிக்க, மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் வழிபாட்டு இடங்களில் 1837-க்குப் பின் நடந்தவை: 1899 வரை அங்கெல்லாம் அரசுப் பதிவாளரே நேரில் வந்து பதிவு செய்யவேண்டியிருந்தது; அவற்றின் பதிவேடுகள் இணையத்துக்கு வந்தது குறைவு. மூன்றாவது, ஏறக்குறைய 1930-களுக்குப் பிறகு நடந்த திருமணங்கள். இணையப் படங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தோடு நின்றுவிடுகின்றன.

கத்தோலிக்கத் திருமணத்துக்கு ஒரு கூடுதல் யோசனை: அரசுச் சான்றிதழ் வாங்கிய பிறகு கோயிலின் சொந்தப் பதிவேட்டையும் தேடுங்கள். லத்தீனில் இருக்கும், ஆனால் பலவற்றில் தாயின் பெயரும் இருக்கும். அரசுப் படிவத்தில் தாய்க்கு இடம் வந்தது 2021 மே 4 முதல்தான்.

சான்றிதழ் என்று முடிவெடுத்தால், ஜி.ஆர்.ஓ.வா உள்ளூர் ரிஜிஸ்டர் ஆபீஸா? விலை இரண்டிலும் 12.50 பவுண்டு, ஏறும் வழக்கமுள்ளதால் ஆர்டர் போடும் அன்று ஒருமுறை பாருங்கள். பிறப்பு, இறப்புக்கு ஜி.ஆர்.ஓ. மலிவாகத் தரும் மின்பதிப்பு திருமணத்துக்குக் கிடையாது, காகிதம்தான், அஞ்சலில்தான். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆர்டர் போட்டாலும் வரும்.

ஜி.ஆர்.ஓ.வின் பலம் எளிமை. ஃப்ரீபிஎம்டியில் கிடைத்த ஆண்டு, காலாண்டு, மாவட்டம், தொகுதி, பக்கம் ஆகியவற்றை நிரப்பினால் போதும், எந்தக் கோயில் என்று தெரியவேண்டியதில்லை. உள்ளூர் ஆபீஸின் பலம், அதன் கையில் இருப்பது மணமக்கள் கையெழுத்திட்ட இரண்டு பதிவேடுகளில் ஒன்று என்பது. ஆனால் அங்கே ஜி.ஆர்.ஓ. எண்ணைச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அந்த எண் லண்டனில் தாள்களைத் தொகுத்தபோது போட்டது. உள்ளூர்ப் பதிவேடுகள் கோயில்வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எழுபது, எண்பது கோயில்கள் உள்ள நகர மாவட்டத்தில் கோயில் பெயர் சொல்லாமல் கேட்டால், தேடித்தர இயலாது என்றுதான் பதில் வரும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது யுகேபிஎம்டி தளத்தின் வழியே போகும் வட்டார இண்டெக்ஸ்கள். செஷயர், லங்காஷயர், யார்க்ஷயர் போன்றவற்றுக்கு உள்ளூர்ப் பதிவேடுகளிலிருந்தே நேரடியாகத் தயாரித்திருக்கிறார்கள். கோயிலின் பெயரோ அதன் குறியீடோ அதிலேயே இருக்கும். மணமகனும் மணமகளும் ஒரே வரியில் வருவார்கள். உங்கள் வட்டாரத்துக்கு இது இருந்தால் ஃப்ரீபிஎம்டிக்கு முன்பே இங்கே தேடுங்கள். கோயில் பெயர் கிடைத்துவிட்டால் பல நேரம் சான்றிதழே தேவைப்படாது. நேராகப் பதிவேட்டுப் படத்துக்குப் போய்விடலாம்.

பதிவில் எதை நம்புவது

எங்கிருந்து எடுத்தாலும் 1837 முதல் 2021 வரை கட்டங்கள் ஒன்றேதான்: தேதி, பெயர்கள், வயது, மணநிலை, தொழில், வசிப்பிடம், இருவரின் தந்தை பெயரும் தொழிலும், எந்தமுறைத் திருமணம், கையெழுத்துகள், சாட்சிகள்.

தேதியையும் இடத்தையும் நம்பலாம். வயதை நம்பவேண்டாம். "முழு வயது" என்று மட்டும் எழுதியிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள், நாற்பதாகவும் இருக்கலாம். பெற்றோர் சம்மதத்தைத் தவிர்க்க பத்தொன்பது இருபத்தொன்றாகும். கணவனைவிட மூத்த மணமகளின் வயது இரண்டு, மூன்று குறையும். வசிப்பிடக் கட்டத்தில் இருவருக்கும் ஒரே முகவரி என்றால் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று அவசரப்படாதீர்கள். ஒரே பங்கில் (ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட பகுதியில்) வசிப்பதாகக் காட்டினால் ஓலை, அதாவது கோயிலில் திருமண அறிவிப்பு, வாசிக்கும் கட்டணம் ஒருமுறை போதும் என்பதற்காகப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொடுத்த முகவரியாகவும் இருக்கும்.

தந்தை கட்டம்தான் அடுத்த தலைமுறைக்குக் கதவு. கவனம் மிகத் தேவைப்படுவதும் அங்கேதான். தந்தை இறந்திருந்தால் "காலமானார்" என்று குறிக்கவேண்டும். குறிக்காமல் விட்டதும் நிறைய, ஆகவே குறிப்பு இல்லாததால் உயிரோடிருந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் கட்டத்தைக் காலியாக விட்டதுண்டு. தாத்தாவின் பெயரையோ வளர்ப்புத் தந்தையின் பெயரையோ கொடுத்ததுண்டு. சபை நடுவே கூச்சப்பட்டுத் தம் குடும்பப்பெயரிலேயே ஒரு தந்தையைச் சொல்லிவைத்ததும் உண்டு. அந்தத் தந்தைக்கு வேறெந்த ஆவணத்திலும் தடயம் இல்லையென்றால் அவரைத் தேடி ஆண்டுகளைச் செலவிடாமல், தாயின் பெயரில் ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்கள்.

மணமகள் கைம்பெண் என்றால் பதிவில் இருப்பது முந்தைய கணவரின் குடும்பப்பெயர். தேட வேண்டியதும் அந்தப் பெயரில்தான். பிறந்த வீட்டுப் பெயர் தந்தை கட்டத்தில் ஒளிந்திருக்கும். பெயர் ஆன் ஹாரிஸ், தந்தை ஜேம்ஸ் குக் என்று இருந்தால் உடனே மணநிலைக் கட்டத்தைப் பாருங்கள்.

1837-க்கு முன்: நான்கு ஆவணங்கள்

இங்கே சான்றிதழ் என்ற பேச்சே இல்லை. கோயில் பதிவேடு, ஆயருக்கு அனுப்பிய நகல், ஓலைப் பதிவேடு, லைசென்ஸ் காகிதங்கள் ஆகிய நான்குதான்.

கோயில் பதிவேடுகள் 1538-இல் தொடங்கின. அவ்வளவு பழையவை தப்பிப் பிழைத்த கோயில்கள் சிலவே. 1754 மார்ச் 25 முதல் ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் அமலுக்கு வந்தது: யூதரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையாரும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணக்க வேண்டும், கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். உங்கள் முன்னோர் தீவிர மெதடிஸ்டாகவோ கத்தோலிக்கராகவோ இருந்தாலும் 1754-க்கும் 1837-க்கும் இடையில் அவருடைய திருமணத்தை ஆங்கிலிக்கன் பதிவேட்டில் தேடுங்கள். தந்தை பெயர் அந்தப் பதிவேடுகளில் வராது. அதனால் சாட்சிகளின் பெயர் இங்கே இரட்டிப்பு மதிப்புள்ளது.

1754-க்கு முன்னால் பெரும்பாலும் தேதியும் இரண்டு பெயர்களும் மட்டுமே. 1640-கள், 1650-களில் உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவுகளும் பதிவேடுகளில் பெரிய ஓட்டைகளை விட்டிருக்கின்றன. 1653-க்குப் பின் சில ஆண்டுகள் திருமணத்தை நடத்தியவர் குருவானவர் அல்ல, நீதிபதி. தேதியிலும் ஒரு பொறி. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1721. குறிப்பெடுக்கும்போது 1720/21 என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகத் தோன்றி வீண் சந்தேகம் வரும்.

ஆயர் நகல் என்பது ஒவ்வொரு கோயிலும் ஆண்டுதோறும் தன் பதிவுகளை எழுதி ஆயருக்கு அனுப்பியது. 1598 முதல் முறையாக நடந்தது. பதிவேடு எரிந்தோ ஈரத்தில் அழிந்தோ போயிருந்தால் இதுதான் கதி. இரண்டும் இருந்தால் பதிவேட்டையே நம்புங்கள், நகலில் அசல் கையெழுத்து இருக்காது. மங்கிய பெயரைப் படிக்க மட்டும் நகலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். திருமண நகல்கள் 1837-ஓடு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஓலைப் பதிவேட்டைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் பார்வையில் அது பெரிய இழப்பு. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். மணமக்கள் வெவ்வேறு பங்கினர் என்றால் இரண்டு கோயில்களிலும் வாசிக்கவேண்டும். திருமணமோ பெரும்பாலும் மணமகளின் கோயிலில். மணமகனின் ஊர் மட்டும் தெரிந்து, அந்த ஊர்ப் பதிவேட்டில் திருமணம் இல்லை என்று கைவிட்டவர்கள், அதே கோயிலின் ஓலைப் பதிவேட்டைப் புரட்டினால் "இன்ன பங்கைச் சேர்ந்த" என்று மணமகளின் ஊர் எழுதியிருப்பதைக் காணலாம். தேடல் அங்கிருந்து திரும்பவும் உயிர்பெறும். ஆனால் ஓலை வாசித்ததாலேயே திருமணம் நடந்துவிட்டது என்று ஆகாது. தந்தை எழுந்து தடுத்த குறிப்புகளும் அதே பதிவேட்டில்தான் இருக்கின்றன.

லைசென்ஸ் என்பது ஓலையைத் தவிர்க்கப் பணம் கட்டி வாங்கிய அனுமதி. பணக்காரர்கள் மட்டும் வாங்கியது அல்ல. கப்பலேறப் போகும் மாலுமி, கர்ப்பமான மணமகள், ஆங்கிலிக்கன் கோயிலில் தம் பெயரை மூன்றுமுறை கேட்க விரும்பாத பிற சபையார் என்று பலரும் வாங்கினார்கள். லைசென்ஸ் கிழிந்தோ தொலைந்தோ போயிருக்கும்; அதற்காகக் கொடுத்த உறுதிமொழியும் 1823 வரை பிணைப் பத்திரமும் தங்கியிருக்கும். உறுதிமொழியில் வயது, மணநிலை, பங்கு, எந்தக் கோயிலில் மணக்கப் போகிறார்கள் என்பது எல்லாம் உண்டு. மணமகள் 21-க்குக் கீழ் என்றால் சம்மதித்த தந்தையின் பெயரும் வரும். 1837-க்கு முன் தந்தை பெயரைத் திருமண ஆவணத்தில் பார்க்க ஏறக்குறைய இது ஒன்றே வழி. மறைமாவட்டக் காகிதங்கள் பெரும்பாலும் கவுண்டிக் காப்பகங்களில். கேன்டர்பரி பேராயர் அலுவலகம் வழங்கியவை லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில். யார்க் பேராயருடையவை யார்க்கின் போர்த்விக் நிறுவனத்தில்.

இந்தக் காகிதங்களின் பலமும் வரம்பும் ஷேக்ஸ்பியர் விஷயத்தில் ஒருசேரத் தெரிகின்றன. அவருடைய திருமணம் எந்தக் கோயிலில் நடந்தது என்பதற்குப் பதிவேட்டுச் சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. இருப்பது வூஸ்டர் ஆயரிடம் 1582 நவம்பர் 28 அன்று இருவர் கொடுத்த 40 பவுண்டு பிணைப் பத்திரம். அதில் மணமகள் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. ஆனால் அதற்கு முந்தைய நாள் ஆயரின் பதிவேட்டில் அதே லைசென்ஸுக்கான குறிப்பில் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி என்று இருக்கிறது. எழுத்தர் பெயரைப் பிசகி எழுதினார் என்பதே பெரும்பாலோர் கருத்து. குறிப்பு மட்டும் தப்பியிருந்தால் இன்று உலகம் தவறான பெண்ணை அவர் மனைவி என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு திருமணத்துக்கு இரண்டு ஆவணங்கள் இருந்தால் இரண்டையும் எடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்

முதலில் எழுத்துக்கூட்டல். பிறகு இடம். மான்செஸ்டரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இன்றைய கதீட்ரலே மிகப் பெரிய வட்டாரத்துக்கெல்லாம் பங்குக் கோயில். எங்கெங்கோ இருந்து ஜோடிகள் அங்கே வந்து குவிந்தார்கள். சொந்த ஊரில் இல்லாவிட்டால் பக்கத்துச் சந்தை நகரத்தின் பெரிய கோயிலைப் பாருங்கள். 1754-க்கு முந்தைய லண்டன் திருமணம் என்றால் ஃப்ளீட் சிறையைச் சுற்றி நடந்த ரகசியத் திருமணங்களின் பதிவேடுகள், லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 7 என்ற வரிசையில் இருக்கின்றன. முன்தேதியிட்ட பொய்ப் பதிவுகள் அதில் உண்டு.

கணவர் படைவீரராகவோ கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராகவோ இருந்தால் திருமணம் சென்னையில் நடந்திருக்கலாம். ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி கோயிலில் கம்பெனியைச் சேர்ந்த எலிஹூ யேல் 1680-இலும் ராபர்ட் கிளைவ் 1753-இலும் மணந்தார்கள். மதராஸ் மாகாணக் கோயில்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை, ஃபைண்ட்மைபாஸ்டிலும் தேடலாம். அவையும் நகல்களே. ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார் சென்னையில் இருந்தால் கோயிலின் சொந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எங்குமே இல்லையென்றால், குழந்தைகள் பிறந்தபோது அவர்கள் மணக்கவே இல்லை என்ற சாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1858 வரை விவாகரத்துக்குத் தனியாக ஒரு சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். அதன் பிறகும் நெடுங்காலம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத செலவு. பிரிந்தவர்கள் புதிய துணையோடு கணவன் மனைவி என்றே வாழ்ந்தார்கள். கணக்கெடுப்பிலும் அப்படியே சொன்னார்கள். இறந்த மனைவியின் தங்கையை மணப்பதற்கும் 1907 வரை சட்டத்தில் தடை இருந்தது. இத்தகைய குடும்பங்களில் முதல் துணையின் இறப்புப் பதிவைக் கண்டுபிடியுங்கள். அந்தக் காலாண்டிலிருந்து முன்னோக்கி ஐந்தாண்டு வரை தேடுங்கள். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகு, சொந்த ஊரைத் தாண்டிய ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸில் சத்தமில்லாமல் நடந்த திருமணம் அங்கே இருக்கலாம். அந்த ஒன்றுக்கு 12.50 பவுண்டு தயங்காமல் கட்டலாம். முன்பு மணமான பெண் என்றால், அவருடைய பெயர் முதல் கணவரின் குடும்பப்பெயரில்தான் இருக்கும்.